எல்லாரையும் புயல் என்றவர்

கோல சிலாங்கூரிலிருந்து ஈஜோக் வரைக்கும், இந்தப் பக்கம் ஜெராம் வரைக்கும், சில வருடங்கள் எந்தத் தமிழ்க் கல்யாணத்துக்குப் போனாலும் ஒரு புயலையாவது பார்க்காமல் வீடு திரும்ப முடியாது. மாப்பிள்ளையின் தம்பி இளம்புயல். மாலை விருந்தில் பாட வந்த பக்கத்து வீட்டுப் பெண் கானப் புயல். சமையல்காரர் ராஜு அடுப்பங்கரைச் சூறாவளி. தவில் அடிக்க வந்தவர் சூறைக்காற்று. எல்லாருக்கும் பட்டம் கொடுத்தவர் ஒரே ஆள்தான். மேடையின் ஓரத்தில், பாத்திக் சட்டை போட்டுக்கொண்டு, மைக்கைக் கைக்குட்டையால் சுற்றிப் பிடித்தபடி நிற்பார். எங்களுக்கு அவர் அறிவிப்பாளர் அண்ணன்.

நானும் என் கணவர் செல்வமும் மணமேடை அலங்காரத் தொழில் செய்கிறோம். விருந்தாளிகள் வருவதற்கு வெகுநேரம் முன்பே மண்டபத்தில் இருப்பவர்கள் சமையல்காரர்களும் நாங்களும்தான். அடுத்து வருபவர் அவர். வந்ததும் மைக்கைச் சோதிப்பார். மற்றவர்களைப் போல ஹலோ ஹலோ என்று சொல்ல மாட்டார். “புயல்… புயல்… புயல்” என்பார். ஏன் என்று ஒருமுறை கேட்டேன்.

“‘பு’ன்னு சொல்லும்போதுதான்மா மைக்ல காத்து போய் இடிக்கும். ‘பு’ சரியா விழுந்துச்சுன்னா மத்த எழுத்தெல்லாம் சரியா விழும்” என்றார்.

சோதனை முடிந்ததும் மண்டபத்தைச் சுற்றி நடப்பார். நாற்காலி போடுகிறவர், தண்ணீர் ஊற்றுகிறவர், பூ கட்டுகிறவர், சக்கர நாற்காலியில் முன்னதாகவே கொண்டுவந்து உட்காரவைக்கப்பட்ட பெரியம்மா, ஒருவரையும் விடமாட்டார். பெயர் என்ன, எந்தத் தோட்டம், யார் வீட்டுப் பிள்ளை என்று கேட்பார். எதையும் எழுதிக்கொள்ள மாட்டார். இரண்டு மணி நேரம் கழித்து மேடையிலிருந்து அத்தனை பெயரும் அடைமொழியோடு வரும். தங்கள் பெயர் ஒலிபெருக்கியில் வந்து அதற்கு முன் கேட்டே இராதவர்கள் பலர் அந்த மண்டபங்களில் இருந்தார்கள். வெட்கப்பட்டுச் சிரிப்பார்கள். அன்று முழுக்க முதுகு நிமிர்ந்து நடப்பார்கள்.

பகலில் அவருக்கு வேறு வேலை. செம்பனை எண்ணெய் ஆலை ஒன்றின் வாசலில், குலைகளை ஏற்றி வரும் லோரிகளை எடை பார்த்துக் கணக்கு எழுதும் கிராணி. ஒரு நாள் மேடை விளக்கு ஒன்றை அவரிடமிருந்து வாங்க அங்கே போனேன். கண்ணாடிச் சன்னலுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தார். லோரி வந்தது, எடை பார்த்தார், சீட்டை நீட்டினார், அடுத்த லோரி வந்தது. நான் நின்றிருந்த நேரம் முழுக்க அவர் வாயிலிருந்து ஒரு வார்த்தை வரவில்லை. என்னைப் பார்த்ததும் தலையை மட்டும் ஆட்டினார்.

“ஏண்ணே, இங்க பேசவே மாட்டீங்களா?”

“இங்க என்னத்தப் பேசறது? நான் பேசினா லோரி எடை கூடிருமா?” என்றார்.

மேடையில் பேசினால் மனிதர்களின் எடை கூடும் என்று நினைத்தாரோ என்னவோ.

பட்டங்களை அவர் வாய்க்கு வந்தபடி கொடுப்பதாக நாங்கள் நினைத்துக்கொண்டிருந்தோம். அப்படி இல்லை என்று ஒரு மழை நாளில்தான் தெரிந்தது. எங்கள் வேனில் அவரை ஏற்றிக்கொண்டு பாசிர் பெனம்பாங் பாலத்தைத் தாண்டி வந்துகொண்டிருந்தோம். செல்வம் சும்மா கிண்டலுக்குக் கேட்டார்.

“புயலும் சூறாவளியும் ஒண்ணுதானேண்ணே? ஏன் ஒருத்தருக்கு இது, இன்னொருத்தருக்கு அது?”

“ஒண்ணா? யாருப்பா சொன்னா?” அவர் முன் சீட்டில் திரும்பி உட்கார்ந்துகொண்டார். “புயல்னா கடல்லேர்ந்து கெளம்பி வரும். இங்க வரப்போகுதுன்னு முன்னயே சொல்லலாம். அதுக்கு ஒரு வழி இருக்கு. பேச்சாளரு, பாட்டுப் பாடறவங்க, கட்சிக்காரங்க, இவங்கள்லாம் புயல். சூறாவளி அப்படி இல்ல. வளின்னா காத்து. சூறைன்னா கொள்ள. சூறையாடினான்னு சொல்றோம்ல, அந்தச் சூறை. கொள்ளையடிக்கிற காத்து. நின்ன எடத்துலயே சுத்தும், சுத்திக்கிட்டே எல்லாத்தையும் வாரிக்கிட்டுப் போகும். அதனால நான் ஆடறவங்களுக்குத்தான் சூறாவளி குடுப்பேன். ஆடறவங்க சுத்துறாங்கல்ல?”

“அப்ப ராஜு அண்ணன்? அவரு சமையல்காரர்தானே?”

“அவன் கரண்டிய சுத்துறதப் பார்த்திருக்கியா நீ?”

செல்வம் சிரித்துச் சிரித்து வண்டியை ஓரமாக நிறுத்தவேண்டியதாயிற்று. அவர் சிரிக்கவில்லை. பேப்பர்காரர்கள் மந்திரி நாலு ஊருக்குப் போனதை சூறாவளிச் சுற்றுப்பயணம் என்று எழுதுவதைப் பற்றி நெடுநேரம் குறைபட்டுக்கொண்டே வந்தார். “சுத்துறாருங்கிறது சரி. கொள்ளையும் அடிக்கிறாருன்னு ஆகிருதே, யோசிக்க வேணாம்?”

இந்த நுணுக்கம் ஒருமுறை அவரை மாட்டிவிட்டது. ஈஜோக்கில் ஒரு கல்யாணம். பெண்ணின் அத்தை ஒருவர், மாப்பிள்ளை வீட்டாருக்குப் பந்தியில் குறை வந்துவிடக்கூடாது என்று காலையிலிருந்து எல்லாரையும் விரட்டிக்கொண்டிருந்தார். அவர் மேடையேறியதும் அண்ணன், “இதோ வருகிறார் எங்கள் குடும்பச் சூறாவளி!” என்று அறிவித்தார். மண்டபமே சிரித்தது. அத்தைக்கு முகம் சுண்டிவிட்டது. இரண்டு நாள் கழித்து அண்ணன் பழங்கள் வாங்கிக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனார். துணைக்கு எங்களையும் கூப்பிட்டார்.

அத்தை தேநீர் கொடுத்தார். பிறகு, “நான் கத்துறவதான், இல்லன்னு சொல்லல. ஆனா சூறாவளின்னா எல்லாத்தையும் நாசம் பண்ணிட்டுப் போறது இல்லையா தம்பி? நான் அன்னிக்கு எதையாச்சும் நாசம் பண்ணனா?” என்று கேட்டார்.

“இல்லக்கா.”

“புயல்னு சொல்லியிருந்தா ஒரு மரியாதையா இருந்திருக்கும்லா.”

“இனிமே புயல்னே சொல்றேங்க்கா.”

சொன்னபடி செய்தார். அடுத்த கல்யாணத்தில் அந்த அத்தை ‘குடும்பப் புயல்’ ஆனார். மேடையில் நின்று கைகூப்பிச் சிரித்தார்.

ஒரு சொல் ஒருவரை அவ்வளவு நோகடிக்கும் என்பது அண்ணனுக்குப் புதிதாக இருந்தது போலிருக்கிறது. ஆனாலும் பட்டம் கொடுப்பதை விடவில்லை. அவர் கொடுக்கும் பட்டத்துக்காகவே அவரைத் தேடி வந்தார்கள். பெண் வீட்டார் பத்திரிகை அடிக்கும் முன்பே அவரிடம் தேதி கேட்டுக்கொண்டார்கள். வாயே திறக்காத ஒரு மாப்பிள்ளையை அவர் ‘அமைதிப் புயல்’ என்று அழைக்க, அந்தப் பையனுக்கு அவன் வேலை செய்யும் எண்ணெய்க் கடையில் இன்றுவரை அதுதான் பெயர்.

அப்புறம் அந்த மாலை விருந்து.

ஈஜோக்குக்கு உள்ளே, தோட்டம் மூடப்பட்ட பிறகும் மக்கள் விடாமல் வைத்திருக்கும் ஒரு பழைய பொதுமண்டபம். பலகைச் சுவர், துத்தநாகத் தகரக் கூரை. ஒரு பக்கம் முழுதும் திறந்தது. கூட்டம் அதிகம் என்பதால் திறந்த பக்கத்தை ஒட்டித் திடலில் கெமா கூடாரங்கள் போட்டு மேசைகளை அடுக்கியிருந்தார்கள். மேடை மண்டபத்தின் உள் கோடியில். ஆக, மேடையில் நிற்பவருக்கு மட்டும் கூட்டம், கூடாரம், திடல், அதற்கு அப்பால் செம்பனைக்காடு என்று எல்லாம் நேர் எதிரே தெரியும். மற்ற எல்லாருக்கும் முதுகுப்பக்கம் அது.

மத்தியானமே வானம் கறுத்திருந்தது. எங்கள் பக்கத்தில் சாயங்கால மழை புதிதில்லை என்பதால் யாரும் கவலைப்படவில்லை. கேக் வெட்டியாகிவிட்டது. சாப்பாடு பரிமாறிக்கொண்டிருந்தார்கள். அடுத்தது நடனம். தஞ்சோங் காராங்கிலிருந்து வந்த பெண்கள் மேடைப் படியருகே சலங்கையோடு நின்றார்கள். அண்ணன் வழக்கம்போல் ஏற்றிக்கொண்டே போனார். இன்னும் சற்று நேரத்தில், இதோ இன்னும் சில நொடிகளில், உங்கள் மண்டபத்தையே சுழற்றப்போகிற சதங்கைச் சூறாவளி என்று.

நான் மேடையின் பக்கத்தில், அவிழ்ந்துபோன ஒரு பூச்சரத்துக்கு ஊசி குத்திக்கொண்டிருந்தேன். அவர் குரல் பாதியில் நின்றது. நிமிர்ந்து பார்த்தேன். அவர் கூட்டத்தைப் பார்க்கவில்லை. கூட்டத்தின் தலைக்கு மேலே, தூரத்தில் எதையோ பார்த்துக்கொண்டிருந்தார்.

நானும் திரும்பினேன். செம்பனை மரங்களுக்கு மேல் ஒரு சாம்பல் நிறத் தூண் நின்றிருந்தது. நின்றிருந்தது என்றுதான் முதலில் தோன்றியது. பிறகுதான் அது சுற்றுவதும், அதற்குள் மட்டைகளும் தகரங்களும் சின்னச் சின்னதாகப் பறப்பதும் தெரிந்தது. அது எங்களை நோக்கித்தான் வந்துகொண்டிருந்தது.

“சூறாவளி வருது!” என்று கத்தினார்.

கூட்டம் விசிலடித்தது. ஒலிபெருக்கிக்காரர் பாட்டைப் போட்டுவிட்டார். பெண்கள் படியேறி ஓடிவந்து மேடையில் வரிசையாக நின்று ஆட ஆரம்பித்தார்கள்.

“இல்ல, இல்ல! நெசமான சூறாவளி! சூறாவளி வருது!”

கைத்தட்டல் இன்னும் பலமாக எழுந்தது. முன்வரிசையில் ஒரு பெரியவர் எழுந்து நின்று, “நெசமான சூறாவளியாம்லே!” என்று பக்கத்தில் இருந்தவரின் தோளைத் தட்டினார். எல்லாரும் மேடையைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

அந்த முகத்தை நான் மறக்கவில்லை. பயம் மட்டும் இல்லை அதில். தண்ணீர் என்று நம்பி நெருப்பில் ஊற்றியது தண்ணீர் இல்லை என்று தெரிந்தவரின் முகம். ஒரு கணம் மைக்கைக் கீழே இறக்கினார். அப்புறம் ஒலிபெருக்கிப் பெட்டியிடம் நடந்துபோய்ப் பாட்டு வரும் வயரைப் பிடுங்கினார். பெண்கள் ஆட்டத்தை நிறுத்தினார்கள். மண்டபம் சட்டென்று அடங்கியது. அப்போதுதான் மற்றவர்களுக்கும் அந்த இரைச்சல் கேட்டது, மலையிறக்கத்தில் கனத்த லோரி வருவதுபோல.

அவர் பேசினார். அந்தக் குரலில் அவர் மைக்கில் பேசி நான் கேட்டதே இல்லை. வீட்டுக்குள் பேசுகிற குரல்.

“எல்லாரும் எந்திரிங்க. பின்னால பெரிய காத்து வருது. கெமா நிக்காது. கோயிலுக்குள்ள போங்க, அது கல்லுக் கட்டடம். ஓட வேணாம், வேகமா நடங்க. செருப்பத் தேடாதீங்க.”

மண்டபத்துக்குப் பக்கத்திலேயே கோயில். ஜனங்கள் எழுந்தார்கள். எழுந்தும் சிலர் எங்கே போவது என்று தெரியாமல் நின்றார்கள். அவர் பெயர் சொல்லிக் கூப்பிட ஆரம்பித்தார்.

“ராஜு, அடுப்ப அணை. கேஸ மூடு. தேவி, ஒங்க அம்மாவ வீல்சேரோட தள்ளிக்கிட்டுப் போ. தூக்க வேணாம், தள்ளு. பிரகாஷ், போன உள்ள வையி. படம் எடுக்காத. ஒங்கிட்டக்க நிக்கிற ரெண்டு பிள்ளைங்களையும் தூக்கு. மாப்ள, மாலைய கழட்டிட்டுப் பொண்ணு கையப் புடிச்சுக்க. ஆட வந்த பிள்ளைங்க இந்தக் கதவு வழியா எறங்குங்க, சலங்க தடுக்கும், பாத்து.”

ஒரு பட்டம் இல்லை, ஓர் அடைமொழி இல்லை. பெயர், என்ன செய்யவேண்டும், அவ்வளவுதான். கூப்பிடப்பட்டவர்கள் அத்தனை பேரும் சொன்னதைச் செய்தார்கள். மற்றவர்கள் அவர்கள் பின்னால் போனார்கள். செல்வம் என்னை இழுத்துக்கொண்டு ஓடினார். கோயில் மண்டபத்துக்குள் நுழையும்போது மின்சாரம் போய்விட்டது. மைக் செத்துவிட்டது. அவர் வெறும் தொண்டையில் கத்திக்கொண்டிருப்பது கேட்டது. பிறகு அதுவும் கேட்கவில்லை.

எவ்வளவு நேரம் அடித்தது என்று ஆளுக்கொன்று சொன்னார்கள். எனக்குத் தெரியாது. நான் கண்ணை மூடிக்கொண்டு யாரோ ஒரு குழந்தையைப் பிடித்துக்கொண்டிருந்தேன். வெளியே வந்தபோது கூடாரம் இருந்த இடத்தில் வெறும் திடல். நாற்காலிகள் செம்பனை மரங்களில் தொங்கின. மண்டபக் கூரையில் பாதி இல்லை. நாங்கள் இரவெல்லாம் உட்கார்ந்து செய்த மணமேடை எங்கே விழுந்தது என்று கடைசிவரை கண்டுபிடிக்க முடியவில்லை.

ஒருவரும் சாகவில்லை. சிலருக்கு வெட்டுக்காயம். ராஜு அண்ணனோடு சமையலுக்கு வந்த லெட்சுமி அக்காவுக்குக் கொதிக்கிற எண்ணெய் காலில் கொட்டிவிட்டது. மேடையில் கடைசியாக நின்ற அண்ணனைக் கூரையின் இரும்புச் சட்டம் ஒன்று தோளில் அடித்துப் போட்டிருந்தது.

அவரை ஆஸ்பத்திரியில் போய்ப் பார்த்தோம். மலாய்ச் செய்தியில் அதைப் பூத்திங் பெலியோங் என்றார்கள். தமிழ்ச் செய்தியில் ஒரு நாள் புயல் என்றும் மறுநாள் சூறாவளி என்றும் எழுதினார்கள். கோயில் பூசாரியின் தாயார் பேய்க்காத்து என்றார். அதையெல்லாம் செல்வம் அவரிடம் சொன்னார், உற்சாகப்படுத்தலாம் என்று. அந்தப் பேச்சுக்கு அவர் வரவில்லை.

“நீ அன்னிக்குப் பக்கத்துலதானே நின்ன?” என்று என்னிடம் கேட்டார். “நான் மொதல்ல ரெண்டு தடவ கத்தினேனே, கேட்டுச்சா?”

“கேட்டுச்சுண்ணே.”

“நல்லா கத்தினேன்ல?”

“நல்லாத்தான் கத்தினீங்க.”

“நான் பொய் சொல்றேன்னு ஒருத்தரும் நெனைக்கல. நெசத்தச் சொல்றேன்னும் ஒருத்தரும் நெனைக்கல.” அடிபடாத கையால் தலையணையைச் சரிசெய்துகொண்டார். “அந்த லெட்சுமி பாரு. கைத்தட்டுற சத்தம் கேட்டு ஆட்டம் பாக்கலாம்னு வடச்சட்டிய அவசரமா எறக்கியிருக்கா. அப்பத்தான் கொட்டிருக்கு. காத்து வர்றதுக்கு முன்னாடியே.”

“அதுக்கு நீங்க என்னண்ணே பண்ணுவீங்க?”

தோள் ஆறியதும் லெட்சுமி அக்கா வீட்டுக்குப் போனார் என்று கேள்விப்பட்டேன். அக்கா நடக்க ஆரம்பிக்கும்வரை வாராவாரம் கட்டுப்போட அவரைத் தன் காரில் ஆஸ்பத்திரிக்கு அழைத்துக்கொண்டு போனார். அக்கா அவரைத் திட்டவும் இல்லை, புகழவும் இல்லை. “வர்றாரு, காடில கூட்டிக்கிட்டுப் போறாரு, வழியில ஒண்ணும் பேசமாட்டாரு. நானே பேசிக்கிட்டு வருவேன்” என்று என்னிடம் சொன்னார்.

கோயில் திருவிழாவில் அவருக்குப் பொன்னாடை போர்த்த ஏற்பாடு செய்தார்கள். அவரிடமே தொழில் கற்றுக்கொண்ட ஓர் இளைஞர்தான் அன்று அறிவிப்பாளர். “சூறாவளியையே சுருட்டி வைத்த சூறாவளி!” என்று முழங்கினார். கைத்தட்டல். அண்ணன் மேடையேறினார், பொன்னாடையை வாங்கி மடித்துக் கையில் வைத்துக்கொண்டார், மைக்கைக் கேட்டார்.

“சூறாவளின்னு நான் கத்தினப்ப எல்லாரும் கை தட்டினீங்க. ஒங்க மேல தப்பு இல்ல. அப்படித்தான் நான் பழக்கியிருந்தேன். நன்றி” என்று சொல்லிவிட்டு இறங்கிவிட்டார். சிலர் கை தட்டப் பார்த்து நிறுத்திக்கொண்டார்கள்.

அதற்குப் பிறகும் கல்யாணங்களுக்கு வந்தார். முன்னதாகவே வந்து எல்லார் பெயரையும் கேட்டார். ஆனால் மேடையில் பெயரை மட்டும்தான் சொன்னார். “இவர் மாப்பிள்ளையின் தம்பி குமரன். கிள்ளானில் வேலை செய்கிறார்.” அவ்வளவுதான். ஜெராமில் ஒரு பெண்ணின் அம்மா சாப்பாட்டுப் பந்தியில் அவரைப் பிடித்துக்கொண்டார்.

“என்னாங்க இது, என் மருமகனுக்கு ஒண்ணுமே சொல்லலியே? ஒங்கள எதுக்குக் கூப்பிட்டோம்?”

“பேரு சொன்னேனேம்மா.”

“பேரு எங்களுக்கே தெரியும்லா!”

அந்த அம்மா சொன்னதிலும் நியாயம் இருந்தது. கல்யாணத்துக்குக் காசு செலவழிப்பவர்கள் அன்று ஒரு நாளாவது தங்கள் பிள்ளை புயலாக இருக்கவேண்டும் என்று ஆசைப்படுவதில் என்ன தவறு? அழைப்புகள் குறைந்தன. அவரிடம் கற்றுக்கொண்ட இளைஞர் ஆங்கிலமும் கலந்து பேசினார். புயல்களும் சூறாவளிகளும் அவரிடம் போய்ச் சேர்ந்தன. நான் அண்ணனைப் பார்ப்பது அரிதாகிவிட்டது.

அவர் வேறோர் இடத்தில் வேண்டப்பட்டவராகிக்கொண்டிருந்தது எனக்கு வெகுநாள் தெரியவில்லை. யாரோ ஒருவர் வீட்டுச் சாவில், பெட்டியை எடுப்பதற்கு முன் இறந்தவரைப் பற்றி நாலு வார்த்தை சொல்ல ஆள் இல்லாமல் அவரைச் சொல்லச் சொல்லியிருக்கிறார்கள். சொல்லியிருக்கிறார். அடுத்த சாவுக்கும் கூப்பிட்டிருக்கிறார்கள். அவர் இருந்தால் அழுகை அடங்கிவிடுகிறது என்று சிலர் சொன்னார்கள். அழவே முடியாமல் இருந்தவர்கள் அழுதுவிடுகிறார்கள் என்று வேறு சிலர் சொன்னார்கள்.

என் அப்பா இறந்தபோது அவருக்குச் சொல்லியனுப்பியது செல்வம்தான்.

அப்பா தோட்டத்தில் டிராக்டர் ஓட்டியவர். ஊரில் நல்ல பெயர். யார் வீட்டில் கிணறு இறைக்கவேண்டும் என்றாலும், யாரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகவேண்டும் என்றாலும் முதலில் வந்து நிற்பார். வீட்டுக்குள் வந்தால் வேறு ஆள். அவருடைய மோட்டார்சைக்கிள் சத்தம் கேட்டதும் நானும் தம்பியும் புத்தகத்தோடு பின்கட்டுக்குப் போய்விடுவோம். அம்மாவுக்குப் போக இடமில்லை. கடைசிக் காலத்தில் வாதம் வந்து ஒரு பக்கம் விழுந்த பிறகு, ஒரு குழந்தையைப் போல ஆகிவிட்டார். இதை நான் யாரிடமும் பேசியதில்லை. செல்வத்திடம்கூட பாதிதான்.

அண்ணன் வந்தார். தலை நரைத்து, தோள் ஒரு பக்கம் சற்றுத் தாழ்ந்திருந்தது. பெட்டிக்கு முன்னால் கும்பிட்டுவிட்டுச் சுவரோரம் எங்கள் பக்கத்தில் உட்கார்ந்தார். அம்மா சுவரில் சாய்ந்து வெறித்துக்கொண்டிருந்தாள். முதல் நாளிலிருந்து அழவில்லை.

“அப்பாவப் பத்தி என்னா சொல்லட்டும்?” என்று மெதுவாகக் கேட்டார்.

நான் வாயைத் திறக்கும் முன் என் மாமா, அம்மாவின் அண்ணன், முந்திக்கொண்டார். “மச்சான் தங்கமான மனுசங்க. கொஞ்சம் கோவம். கோவம் வந்துட்டா சூறாவளிதான்! அப்படியே சொல்லுங்க, ஊரே ஒத்துக்கும்.” சொல்லிவிட்டுப் பெருமையாகச் சிரித்தார். இரண்டு மூன்று பேர் தலையாட்டினார்கள்.

அறிவிப்பாளர் அண்ணன் திரும்பி அம்மாவைப் பார்த்தார்.

அம்மா பேசினாள். யாரையும் பார்க்காமல், ஆனால் எல்லாருக்கும் கேட்கும்படி.

“சூறாவளின்னா வந்துட்டுப் போயிரும். இவரு இருந்தாரு. கல்யாணம் ஆன வருசத்துலேர்ந்து அடிச்சாரு. கை விழுந்தப்புறம் அடிக்கல. கடைசியா நான் சோறு ஊட்டுனா என் கையப் புடிச்சுக்கிட்டு அழுவாரு. ரெண்டையும் சொல்லுங்க தம்பி. ஒண்ண மட்டும் சொல்லாதீங்க.”

மாமா, “என்னா தங்கச்சி இது, இந்த நேரத்துல…” என்று ஆரம்பித்தார். அம்மா திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. தம்பி எழுந்து நின்றான். என்ன செய்யப்போகிறானோ என்று பயந்தேன். வந்து அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டான்.

அண்ணன் எழுந்து பெட்டியருகே போனார். மைக் இல்லை. அவருக்கு அப்போதெல்லாம் தேவைப்படவும் இல்லை. அப்பாவின் பெயரைச் சொன்னார். டிராக்டர் ஓட்டியதையும், யாரும் கூப்பிடாமலே ஊர் வேலைக்கு வந்து நின்றதையும் சொன்னார்.

“வீட்டுல இவரு அடிச்சாரு. அடி வாங்கினவங்க இங்க ஒக்காந்திருக்காங்க. கடைசி வருசங்கள்ல அடி வாங்கினவங்க கையாலதான் சாப்பிட்டாரு. சாப்பிடும்போது அழுதிருக்காரு. மன்னிப்பு கேட்டாரான்னு எனக்குத் தெரியாது. அந்தம்மா ஊட்டுறத நிறுத்தல. இதுதான் இவரு.”

பெரியவர்கள் சிலர் தலையைக் குனிந்துகொண்டார்கள். பெண்கள் பக்கத்தில் யாரோ மூக்கை உறிஞ்சினார்கள். அது யார் என்று நான் பார்க்கவில்லை. அந்தப் பெண்ணுக்கும் இப்படி ஒரு வீடு இருக்கும்.

அம்மா சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். தம்பி கை கொடுக்கப் போனான், வேண்டாம் என்று தலையசைத்தாள். அண்ணன் ஒதுங்கி வழிவிட்டார். அம்மா பெட்டியருகே போய் உட்கார்ந்து, அப்பாவின் நெற்றியில் கைவைத்து, எங்களுக்குக் கேட்காத எதையோ அவரிடம் சொன்னாள். பிறகு வாய்விட்டு அழ ஆரம்பித்தாள்.